ஒரு முறை கட்டிய தோட்டம்

கந்தப்பளை
2025 ஜூன் 4

ஜனகன்,

போனில் ஆரம்பித்தால் பாதியில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பெரும்பாலும் நான்தான். அதனால் எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலுக்கு வேண்டாம் என்று உங்கள் பழைய மெயிலுக்கே அனுப்புகிறேன். டீம் லீடருக்கு எழுதுகிறேனா, புருஷனுக்கு எழுதுகிறேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது.

நேற்று மீட்டிங்கில் என் வேலையை "வேண்டாம், ஆபத்து" என்று இரண்டே சொல்லில் தள்ளிவிட்டீர்கள், அத்தனை பேர் முன்னால். போன மாதம் சேர்ந்த சுமன்கூட சிரித்தான். கேமராவை அணைக்க மறந்துவிட்டான், பாவம். நான் எழுதியதை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. யார் பார்த்தார்கள் என்பது அதிலேயே தெரியும் என்பதை மறந்துவிட்டீர்களா?

வாசிக்காமல் மறுத்தவருக்கு, ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோலத்தான் சொல்ல வேண்டும். கேளுங்கள். தேயிலைக் கொழுந்து லொறி எந்தப் பாதையால் போய், கொழுந்து நிறுத்து வைக்கும் எந்த மடுவத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் புரோகிராமை நாம் எழுதுகிறோம். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க நூற்றுக்கணக்கான டெஸ்ட் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டெஸ்டும் ஓடும் முன்னால் கம்ப்யூட்டருக்குள் ஒரு முழுத் தோட்டத்தைக் கட்டுகிறது. ரோடு, வளைவு, பாலம், மடுவம், லொறி, மழை, எந்த ரோடு மூடிக் கிடக்கிறது என்பதுவரை எல்லாம். கட்டி முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு இடித்துப் போடுகிறது. அடுத்த டெஸ்ட் அதே தோட்டத்தை அத்திவாரத்திலிருந்து மறுபடி கட்டுகிறது. ஒரு வரியை மாற்றினாலும் எல்லாம் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான். தோட்டத்தை ஒரு முறை கட்டு, பத்திரமாக எடுத்து வை, எல்லா டெஸ்டுக்கும் அதையே கொடு. ஒரு மணி நேரம் நாலைந்து நிமிடமாகிவிட்டது. இதில் என்ன ஆபத்து என்று எழுதுங்கள். எழுத்தில் வேண்டும்.

ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து எல்லோரும் கொழும்பு ஆபீஸுக்கு வர வேண்டும் என்ற அறிவித்தலையும் பார்த்தேன். நான் வருவேனா என்று நீங்கள் கேட்டீர்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சுதர்ஷினி

---

வெள்ளவத்தை
கொழும்பு
ஜூன் 6

சுதா,

எழுத்தில் கேட்டாய், எழுத்தில் தருகிறேன்.

ஒரு பொருளைப் பலர் பாவித்தால் அது கறைபடும். உன் தோட்டத்தை எடுத்து ஒரு டெஸ்ட், மண் சரிந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு ரோட்டை மூடுகிறது. திறந்து வைக்க மறந்துவிடுகிறது. அடுத்த டெஸ்டின் கைக்கு வருவது ரோடு மூடிய தோட்டம். அது சரியான பதிலைச் சொன்னாலும் பிழை, பிழையான பதிலைச் சொன்னாலும் பிழை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினால் நேரம்தான் போகும், நிம்மதி போகாது. இதைத்தான் ஆபத்து என்றேன். மீட்டிங்கில் விளக்க நேரமில்லை. சுமனை நான் பிறகு பிடித்து ஏசினேன்.

இனிப் புருஷனாக எழுதுகிறேன். இந்த அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கலாம், இரண்டு பேர் நடக்க முடியாது. சாப்பாடு கடையில். கடைக்காரருக்கு என் முகம் மனப்பாடம். நான் வாய் திறக்கும் முன்னால் பார்சல் வந்துவிடுகிறது, அதனால் சில நாள் ஆபீஸ் விட்டு வந்தபின் ஒரு சொல்கூடப் பேசாமல் படுக்கிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு பார்த்திருக்கிறேன். இரண்டு அறை, காற்று வரும். ஜூலை நடுப்பகுதிவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தோட்டத்து வரிசை வீட்டு லயத்து வாழ்க்கை உனக்கு ஆகவே ஆகாது என்று நீதானே ஹட்டனில் இருந்தபோது ஆயிரம் தடவை சொன்னாய். அத்தை இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாமாவை வலப்பனையிலிருக்கும் உன் அக்கா பார்த்துக்கொள்வாள். இனி அங்கே உனக்கு என்னதான் இருக்கிறது?

வந்துவிடு.

ஜனகன்

---

கந்தப்பளை
ஜூன் 9

ஜனகன்,

"இனி அங்கே உனக்கு என்னதான் இருக்கிறது?" இந்த வரியை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் உங்களுக்காக ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். மாப்பிள்ளை என்றால் அவருக்கு அப்படி.

முதலில் வேலை. கோயில் திருவிழாவுக்கு அண்டாவில் ஒரே சோறுதான் வடிக்கிறோம், தலைக்கு ஒரு பானை வைப்பதில்லை. ஆனால் அண்டாவுக்குள் யாரும் கையை விடுவதில்லை, தட்டில் வாங்கித்தான் சாப்பிடுகிறோம். நான் செய்ததும் அதுதான். எடுத்து வைத்த தோட்டத்தை யாராலும் மாற்ற முடியாது, பூட்டியிருக்கிறேன். ரோட்டை மூட வேண்டும் என்கிற டெஸ்டுக்கு அதன் பிரதி ஒன்று கிடைக்கும். அதில் ரோட்டை மூடட்டும், பாலத்தை உடைக்கட்டும், அசலுக்கு ஒன்றும் ஆகாது. பிரதி எடுக்கக் கண் இமைக்கும் நேரம்தான். நீங்கள் சொன்ன கறைக்கெல்லாம் பதில் இரண்டாவது பக்கத்திலேயே இருக்கிறது. திறந்து பாருங்கள்.

இனி இங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அப்பா இருக்கிறார். அவர் வேலையிலிருந்து நின்று நாலு வருஷம். அம்மா போனபிறகு தினமும் காலையில் பழையபடி சட்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போகிறார். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில் ஒரு ஓரமாக நிற்கிறார். நான் போன கிழமை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா எல்லோரையும் பேர் கூப்பிட்டு முடித்துவிட்டு, "சோலைமலை அண்ணே, ஒங்களுக்குத்தான் பேரு இல்லையே, பனியில ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டார். அப்பா, "சும்மாதாங்க நிக்கிறேன், எல்லாரும் போனதும் போயிருவேன்" என்றார். எல்லோரும் மலைக்கு ஏறிப் போனபிறகு தனியாகத் திரும்பி வந்தார். நான் கேட்டபோது, "பேர் கூப்புடுற சத்தம் கேட்டா நல்லாருக்கு புள்ள" என்றார்.

இது உங்களுக்குத் தெரியாது. தைப்பொங்கலுக்கு வந்தீர்கள், களைப்பு என்று தூங்கினீர்கள், அடுத்த நாள் போய்விட்டீர்கள். நானும் சொல்லவில்லைதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

லயம் ஆகாது என்று சொன்ன சுதா ஹட்டனில் இருந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது.

சுதர்ஷினி

---

வெள்ளவத்தை
ஜூன் 15

சுதா,

திறந்து பார்த்தேன். இரண்டாவது பக்கம் மட்டுமில்லை, எல்லாப் பக்கமும். செவ்வாய்க்கிழமையே அதை நம் புரோகிராமில் சேர்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் மறுத்ததால் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "இது கந்தப்பளையில் எழுதியது. நான் வாசிக்காமல் பேசினேன்." சுமன் கை தட்டினான். இந்த முறை கேமராவை அணைத்துவிட்டுத் தட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்து பச்சை விளக்கு வருகிறது. ஆபீஸில் உன்னைக் கொண்டாடுகிறார்கள்.

மாமா பெரட்டுக்குப் போவதைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் எடுத்தது. ஐந்து தடவை எழுதி அழித்தேன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்றால் அது சாக்குத்தான். ஆனாலும் தெரியாது சுதா.

இன்னொன்று. ஹட்டனில் அந்த ஹார்ட்வெயார் கடை மாடியில் நாம் நாலு பேர் வேலை செய்த காலத்தில், டெஸ்ட் ஓட விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்போமே. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நீ என்னோடு பேச ஆரம்பித்தாய். பேச வேறு காரணம் கிடைத்திருக்காது. பஜாரில் கடை வைத்திருக்கிற வீட்டுப் பையனும் தோட்டத்துப் பிள்ளையும் எதற்குப் பேசப் போகிறார்கள்? என் அம்மா இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறாள். நான் கொழும்புக்கு வந்து நீ உன் வீட்டிலிருந்து வேலை செய்தபோதும் பின்னேரம் டெஸ்டை ஓட விட்டுவிட்டு நாம் போன் எடுத்தோம். வேலை நேரம்தான், ஆனாலும் ஏன் என்று யாரும் கேட்க முடியாது, டெஸ்ட் ஓடுகிறது.

நீ அதை நாலு நிமிடமாக்கிவிட்டாய் என்று மீட்டிங்கில் கேட்டவுடனே என் வாயில் வந்தது "வேண்டாம்". கறை, பூட்டு எல்லாம் பிறகு தேடிப் பிடித்த நியாயம். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. இந்தக் கிழமை முழுதும் நாம் ஒரு தடவைகூடப் பேசவில்லை, கவனித்தாயா?

மாடி வீட்டுக்காரர் மறுபடி கேட்டார். ஜூலை பத்தொன்பதுக்குள் சொல்ல வேண்டுமாம்.

ஜனகன்

---

கந்தப்பளை
ஜூலை 8

ஜனகன்,

உங்கள் போன கடிதத்துக்கு மூன்று கிழமையாகப் பதில் எழுதவில்லை. ஆபீஸ் செய்தியில் மட்டும் "சரி", "பார்க்கிறேன்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

லொறி விஷயம் காதுக்கு வந்திருக்கும். வலப்பனைப் பக்கம் தோட்டத்தின் கீழ்க் கணக்குப் பிரிவு ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, தோட்டத்து ஆபீஸில் மூடியதாகப் பதிந்தும் இருந்தார்கள். நம் புரோகிராம் அந்த ரோட்டிலேயே லொறியை அனுப்பியிருக்கிறது. லொறி ஓட்டுகிற சின்னத்தம்பி அண்ணன் வளைவில் சிவப்பு மண்ணைப் பார்த்து பிரேக் அடித்திருக்கிறார். ஆளுக்கு ஒன்றும் இல்லை. திருப்ப இடமில்லாமல் பின்னுக்கே வந்து, வேறு வழியால் ஃபெக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சாக்கில் இருந்த கொழுந்து சூடேறிச் சிவந்து வீணாகிவிட்டது. அதைவிட, ஒரு அடி தள்ளி நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேயிருக்கிறேன். அவருடைய சம்சாரம் எனக்குத் தெரிந்தவர். இங்கே எல்லோரும் தெரிந்தவர்கள்தான்.

இரண்டு நாள் தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன். போன மாதக் கடைசியில் சுமன் தோட்டத்தைக் கட்டுகிற புரோகிராம் பகுதியில் கொஞ்சம் மாற்றினான். லொறிக்கு வழி சொல்லும்போதும் தோட்டத்தைக் கட்டுவது அந்தப் பகுதிதான். அன்றிலிருந்து அது மூடிய ரோடுகளை வாசிப்பதேயில்லை. எல்லா ரோடும் திறந்த தோட்டத்தைத்தான் கட்டுகிறது. டெஸ்டில் உடனே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் டெஸ்ட் எதுவும் தோட்டத்தைக் கட்டவில்லையே, ஜூன் மாதம் நான் கட்டி எடுத்து வைத்ததைத்தானே எல்லாம் பாவிக்கின்றன. அதில் மூடிய ரோடெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறது. அதனால் தினமும் பச்சை விளக்கு. கட்டுகிற கை உடைந்து போனது தெரியாமல், முன்பு கட்டியதைப் பார்த்துப் பார்த்துச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

சுமனை யாரும் ஏச வேண்டாம். அவன் உடைத்ததைக் காட்டிக்கொடுக்கத்தான் டெஸ்ட், அதன் கண்ணைக் கட்டியவள் நான். கறைபடும் என்று நீங்கள் பயந்தீர்கள், கறைபடாமல் நான் பூட்டினேன். பழசாகும் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. கை படாமல் பூட்டி வைத்ததுதான் நன்றாகப் பழசாகியிருக்கிறது.

இதை எழுதும்போது உங்கள் கடிதத்துக்கும் பதில் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாக வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது பாரமாகிவிட்டிருந்தது. டெஸ்டைச் சீக்கிரமாக்க நான் இராப்பகலாக உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அம்மா போனபிறகு நீங்கள் பேசியதெல்லாம் ஹட்டன் சுதாவோடு. அவளைச் சிரிக்க வைத்த பகிடி, அவளுக்குப் பிடிக்காத லயம், அவள் போக ஆசைப்பட்ட கடற்கரை. போனை வைத்துக்கொண்டு அவளுக்குப் பதிலாக நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். என்னை யாரோ ஒரு தடவை கட்டி எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு வந்து பார்க்காத மாதிரி. ஒரு வருஷமாக இந்த வீட்டில் அப்பா இருக்கிறார், பக்கத்து வீட்டுச் சனம் இருக்கிறது, போனில் நீங்கள் இருக்கிறீர்கள். இருந்தும் யாரும் இல்லாதவள் போலத்தான் இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அது அதிகம்.

சுதர்ஷினி

---

வெள்ளவத்தை
ஜூலை 11

சுதா,

முழுதாக வாசித்தேன். கோபம் வந்தது. மறுபடி வாசித்தேன். கடற்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கோபம் போய்விட்டது, அதன் அடியில் இருந்தது போகவில்லை.

லொறி விஷயத்தில் பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சேர்த்தவன் நான். சின்னத்தம்பி அண்ணனோடு போனில் பேசினேன். "ரோட்ட பாத்து ஓட்டுறவன் நாந்தானே தம்பி, ஒங்க மெசினா ஓட்டுது?" என்று அவர் என்னைத் தேற்றினார். உன் தோட்டத்தை நான் தூக்கி எறியவில்லை. கட்டுகிற பகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் எடுத்து வைத்தது தானாகக் கழிந்து புதிதாகக் கட்டும்படி செய்துவிட்டேன். எதுவும் மாறாவிட்டாலும் தினம் காலையில் ஒரு தடவை முதலிலிருந்து கட்டும். முதல் நாளே இன்னும் இரண்டு ஓட்டைகள் வெளியே வந்தன.

பிறகு, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எப்போது தெரிந்துகொண்டது என்று உட்கார்ந்து யோசித்தேன். அநேகமாக எல்லாம் அந்த ஹட்டன் மாடியில். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டது ஒன்றுமே அகப்படவில்லை. உன் புருஷன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அதனால் கேட்கிறேன். இப்போது எத்தனை மணிக்கு எழும்புகிறாய்? தேத்தண்ணிக்கு இன்னும் சீனி போடுகிறாயா, அல்லது விட்டுவிட்டாயா? வேலை செய்யும் மேசை எந்த ஜன்னல் பக்கம் இருக்கிறது, சிக்னல் எங்கே வருகிறது? அத்தை போன அன்றைக்கு நான் ஆட்களோடு வெளியே நின்றபோது உள்ளே உனக்கு என்ன நடந்தது? அதை நான் கேட்கவேயில்லை. யாரோடு சிரிக்கிறாய்? லயத்தை இன்னும் வெறுக்கிறாயா? மாமா பெரட்டிலிருந்து வந்தபிறகு பகல் முழுதும் என்ன செய்கிறார்? உனக்கு இப்போது எதைக் கண்டால் பயம்?

கொழும்புக்கு வர உனக்கு விருப்பமா? இதுவரை எப்போது வருவாய் என்றுதான் கேட்டிருக்கிறேன். விருப்பமா என்று இப்போதுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று. கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. என்னை இன்னும் பிடிக்குமா?

ஜனகன்

---

கந்தப்பளை
ஜூலை 14

ஜனகன்,

நீங்கள் கேட்ட வரிசையில் சொல்ல வராது. வருகிறபடி சொல்கிறேன்.

சீனி விட்டுவிட்டேன். பெரட்டுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தத்துக்கு அப்பா எழும்புவார், அவர் எழும்பினால் நானும். மேசை முன்பு அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில். ஜன்னலைத் திறந்தால் லீக்ஸ் பாத்தி, அதற்குப் பிறகு பனி, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. சிக்னல் அங்கேதான் நன்றாக வருகிறது, அதனால்தான் அங்கே போட்டேன். முதல் மாதம் அங்கே உட்காரவே முடியவில்லை. இப்போது அங்கே உட்கார்ந்தால்தான் வேலை ஓடுகிறது.

பகலில் அப்பா தூங்குவார். சாயந்தரம் பக்கத்து வீட்டு கிருஷாந்தியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெரட்டில் கேட்ட பேரையெல்லாம் வரிசையாக அதற்குச் சொல்வார். அது கைகொட்டும். அதைப் பார்த்துத்தான் நான் சிரிக்கிறேன். வேறு சிரிப்பு அதிகமில்லை.

அம்மா போன அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். குளிப்பாட்டும்போது அம்மாவின் விரலில் கொழுந்துக் கறை. மஞ்சள் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெரியம்மா, "விடு புள்ள, அது போவாது, அது அவ கையோடது" என்றார்கள். நான் விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் பிடித்துத்தான் என்னை எழுப்பினார்கள். அப்போது கதவுப் பக்கம் பார்த்தேன். வெளியே நீங்கள் போனில் யாருக்கோ, திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்களைக் குறைவாக நினைப்பார்கள் என்று. ஆனால் நான் நினைத்தேன். ஒரு வருஷமாக அந்த ஜனகனை வைத்துக்கொண்டுதான் உங்களைக் கணக்குப் போட்டேன். நானும் புதிதாகப் பார்க்கவில்லை.

லயத்தை வெறுக்கவில்லை. மழைக்கு ஒழுகும்போது மட்டும் வெறுக்கிறேன். இந்தப் போன் ஒரு நாள் அடிக்காமலே போய்விடுமோ என்று பயம், அடித்தாலும் பயம்.

கொழும்புக்கு வர விருப்பமா என்றால், விருப்பமில்லை. உங்களோடு இருக்க விருப்பமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை, கொழும்புக்கு வர விருப்பமில்லை என்றுதான் அர்த்தம். அப்பா இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்வேன், அவரைச் சாக்கு வைக்கவில்லை. மேனேஜருக்கு நேற்றே எழுதிவிட்டேன். இங்கிருந்தே வேலை செய்ய விட்டால் செய்கிறேன், இல்லாவிட்டால் வேறு பார்க்கிறேன். மாடி வீட்டை யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். காற்று வருகிற வீடு, பாவம், யாராவது இருக்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று மூன்று நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் ஜனகனை எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் போன் பேசியவரைப் பிடிக்கவில்லை. இந்தக் கடிதங்களை எழுதுகிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை. அவரைப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா? ரயிலில் நானுஓயாவில் இறங்கி, நுவரெலியாவில் பஸ் மாறுங்கள். பனி, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சுதர்ஷினி